கூண்டுக்கு வெளியே வந்த ரோபோ: பக்கத்தில் நிற்பவருக்கு என்ன பாதுகாப்பு?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில் வேலை என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1936ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து கணக்குப் போட்டால், மடவார் வளாகத்து வீடுகளில் பாட்டியோ அத்தையோ அக்காவோ யாராவது ஒருவர் 'சைடர்' வேலை பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். ரிங் ஃபிரேம் மெஷினின் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருப்பது, எங்கே இழை அறுந்திருக்கிறது என்று பார்ப்பது, அறுந்த இடத்தில் விரலால் இழையை எடுத்து ஒட்டுவது, திரும்பவும் நடப்பது. ஒரு ஷிஃப்ட் முழுக்க இதுதான்.

அந்த விரல் வேலைக்கு இப்போது ரோபோ வந்துவிட்டது. 2019ல் பார்சிலோனாவில் நடந்த ஐ.டி.எம்.ஏ ஜவுளி இயந்திரக் கண்காட்சியில் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனம் 'ரோபோஸ்பின்' என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. மெஷினின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ரோபோ. எந்த ஸ்பிண்டிலில் இழை அறுந்தது என்று சென்சார் சொல்லும். ரோபோ நேராக அங்கே போய் இழையைத் தேடி எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகரும்.

'அப்போ வேலை போயிடுமா?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி, ஆனால் அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும். இங்கே பார்க்கப் போவது, அவ்வளவாக யாரும் கேட்காத இன்னொன்றை. சைடர் நடக்கும் அதே சந்தில், அதே நேரத்தில், தானாக ஓடும் ஒரு இயந்திரமும் இருந்தால், அந்தப் பெண்ணின் பாதுகாப்பு யார் பொறுப்பு?

முதலில், ரோபோவை ஏன் கூண்டில் வைத்தார்கள்?

கார் கம்பெனி வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் நிறத்தில் பெரிய கைகள், சுற்றிலும் கம்பிவேலி. வேலியின் கதவைத் திறந்தால் ரோபோ நின்றுவிடும். பழைய தொழிற்சாலை ரோபோவுக்குக் கண்ணும் கிடையாது, தொடு உணர்வும் கிடையாது. சொன்ன பாதையில் சொன்ன வேகத்தில் போகும். நடுவில் இருப்பது இரும்பா, மனிதத் தலையா என்று அதற்குத் தெரியாது.

1979 ஜனவரி 25 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் வார்ப்பட ஆலையில் 25 வயது தொழிலாளி ஒருவர் ரோபோ மோதி இறந்தார். தொழிற்சாலை ரோபோவால் நிகழ்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அதுதான். ரோபோ சரியாக வேலை செய்யவில்லை என்று, உதிரிபாகங்களைக் கையாலேயே எடுக்க அவர் அடுக்குக்குள் ஏறியிருந்தார். ரோபோ நின்றிருக்கவில்லை. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேலி ஒரு நல்ல தீர்வுதான். ஆனால் இடத்தை அடைக்கும், செலவு பிடிக்கும், மனிதரும் ரோபோவும் சேர்ந்து செய்யவேண்டிய வேலைக்கு ஒத்துவராது. 1996ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் இருவரும் 'கோபோட்' என்ற யோசனையைக் கொண்டுவந்தார்கள். கூட நின்று வேலை செய்யும் ரோபோ என்று அர்த்தம். சுவாரஸ்யம் என்னவென்றால், அவர்கள் செய்த முதல் கோபோட்டுகளுக்குத் தானாக நகரும் சக்தியே கிடையாது. தள்ளுவது மனிதர், வழிகாட்டுவது மட்டும் இயந்திரம். மோதுவதற்குச் சக்தி இல்லாததால் பாதுகாப்பு.

இன்று கோபோட் என்ற பெயரில் விற்கப்படுவது வேறு ரகம். மோட்டார் வைத்த கைதான், ஆனால் எடை குறைவு, வேகம் குறைவு, எதிர்ப்பு தட்டுப்பட்டால் நின்றுவிடும். டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ் 2008ல் இதை முதலில் விற்கத் தொடங்கியது. இந்தியாவில் பஜாஜ் ஆட்டோ 2010 முதலே பைக் அசெம்பிளி லைனில் இவற்றைப் பயன்படுத்துகிறது. மொத்தமாகப் பார்த்தால் 2024ல் மட்டும் இந்தியத் தொழிற்சாலைகளில் சுமார் 9,100 புதிய ரோபோக்கள் நிறுவப்பட்டதாகச் சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பு சொல்கிறது. அந்த ஆண்டு உலக அளவில் நிறுவப்பட்டவை சுமார் 5,42,000. நம் எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் ஏறுமுகம்.

வேலி இல்லாமல் எப்படிப் பாதுகாப்பு?

ஐ.எஸ்.ஓ 10218 என்பது தொழிற்சாலை ரோபோ பாதுகாப்புக்கான உலகத் தரநிலை. மனிதரும் ரோபோவும் ஒரே இடத்தில் வேலை செய்ய அது வழிகள் சொல்கிறது. மனிதர் உள்ளே வந்தால் ரோபோ நின்று காத்திருப்பது ஒரு வழி. மனிதரே கையால் பிடித்து அதை நகர்த்துவது இன்னொன்று. இவை இரண்டும் சுலபமாகப் புரியும். மற்ற இரண்டில்தான் விஷயம் இருக்கிறது.

ஒன்று, தூரத்தைக் கண்காணிப்பது. லேசர் ஸ்கேனரோ கேமராவோ மனிதர் நெருங்குவதைப் பார்க்கும். நெருங்க நெருங்க ரோபோ வேகத்தைக் குறைத்துக் கடைசியில் நின்றுவிடும். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. மனிதர் நடந்து வரும் வேகத்தை விநாடிக்கு 1.6 மீட்டர் என்று எடுத்துக்கொள்வார்கள். உங்களைக் கவனித்து, பிரேக் போட்டு, முழுதாக நிற்க ரோபோவுக்கு மொத்தம் அரை விநாடி ஆகிறது என்றால், அதற்குள் நீங்கள் 80 செ.மீ. உள்ளே வந்திருப்பீர்கள். அதனால் குறைந்தது அந்த 80 செ.மீ., அதற்கு மேல் ரோபோ அந்த நேரத்தில் நகரும் தூரம், அதற்கும் மேல் கொஞ்சம் கூடுதல் இடைவெளி, எல்லாம் வேண்டும். பெரிய கார் ஷெட்டுக்கு இது சரி. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய மில் சந்தில் இப்படி வைத்தால், ரோபோ ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகமாகிவிடும்.

இன்னொன்று, மோதினாலும் காயம் ஆகாத அளவுக்கு விசையைக் கட்டுப்படுத்துவது. 'எவ்வளவு அடித்தால் வலிக்கும்?' என்ற கேள்விக்கு எண்ணில் பதில் வேண்டுமே? ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 100 தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தார்கள். உடம்பில் 29 இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, எந்த இடத்தில் எப்போது வலி தொடங்குகிறது என்று அளந்தார்கள். அந்த எண்கள் 2016ல் ஐ.எஸ்.ஓ/டி.எஸ் 15066 என்ற ஆவணத்தில் வந்தன. கை விரலுக்கு வரம்பு 140 நியூட்டன், ஏறக்குறைய 14 கிலோ எடை அழுத்துவது போல. முகத்துக்கு 65 நியூட்டன்தான். சட்டென்று பட்டு விலகும் மோதல் என்றால் கைக்கு இரண்டு மடங்கு வரை விடலாம். முகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ரோபோ முகத்தில் மோதும்படி வேலையை அமைக்கவே கூடாது.

எண்கள் இருப்பது நல்லதுதான். ஆனால் 29 இடங்களுக்குத் தனித்தனி எண் என்றால், அவை எல்லா உடம்புக்கும் அப்படியே பொருந்துமா? ஜெர்மனியில் அளந்ததை, காலையில் சாப்பிடாமல் ஷிஃப்டுக்கு வந்த 19 வயது பெண்ணின் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

இன்னொரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. அடக்கமான வேகத்தில் ஓடும் கோபோட்டின் கையில் ஒரு பிளேடைக் கொடுத்தால்? கூர்மையான தகட்டைப் பிடிக்கச் சொன்னால்? 140 நியூட்டன் கணக்கெல்லாம் அங்கே முடிந்துவிடும். அதனால்தான் 2025ல் வந்த ஐ.எஸ்.ஓ 10218 புதிய பதிப்பு, ஒரு ரோபோவைத் தனியாகப் பார்த்து 'இது மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் பாதுகாப்பான ரோபோ' என்று சொல்லும் பேச்சையே தவிர்க்கிறது. பாதுகாப்பு ரோபோவில் மட்டும் இல்லை. அது பிடித்திருக்கும் கருவி, தூக்கும் பொருள், பக்கத்துச் சுவர், நிற்கும் மனிதர் என எல்லாம் சேர்ந்த வேலை அமைப்பைத்தான் மதிப்பிட வேண்டும் என்கிறது. பிராஷரில் 'கோபோட்' என்று போட்டிருப்பதைப் பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, விபத்துகள் எப்போது நடக்கின்றன?

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வந்தால் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் போக முடியாது. 2010 அக்டோபர் 31. நோக்கியா செல்போன் ஆலையில், சர்க்யூட் போர்டுகளை ஏற்றும் தானியங்கி இயந்திரத்தில் சிக்கி இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண் தொழிலாளி உயிரிழந்தார். சினிமாவில் வரும் ரோபோ மாதிரி இல்லை அது. தானாக மேலும் கீழும் நகரும் பகுதி கொண்ட ஒரு பெட்டி, அவ்வளவுதான். இயந்திரத்தை உடைத்து அவரை வெளியே எடுப்பதில் தாமதம் ஆனது என்று சக தொழிலாளர்கள் அப்போது குற்றம்சாட்டினார்கள். அந்த ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது. அந்தக் குற்றச்சாட்டு எழுப்பும் கேள்விக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை. ஒருவர் சிக்கிக்கொண்டால் மெஷினை உடைக்கலாம் என்று லைனில் நிற்பவரே முடிவெடுக்கலாமா? அல்லது மேலே யாரையாவது கேட்க வேண்டுமா?

2015 ஆகஸ்டில் ஹரியானாவின் மானேசரில், எஸ்.கே.ஹெச் மெட்டல்ஸ் என்ற கார் உதிரிபாக ஆலையில் 24 வயது இளைஞர் ஒருவர் வெல்டிங் ரோபோவால் இறந்தார். இடம் மாறியிருந்த ஒரு உலோகத் தகட்டைச் சரிசெய்ய அவர் ரோபோவுக்கு அருகே போயிருந்தார் என்று அப்போதைய செய்திகள் கூறின. 2023 நவம்பரில் தென்கொரியாவில், குடைமிளகாய்ப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரோபோ ஒரு மனிதரைப் பிடித்து கன்வேயரில் அழுத்திக் கொன்றது. 'மனிதரைப் பெட்டி என்று நினைத்துவிட்டது' என்று உலகம் முழுக்கத் தலைப்பு போட்டார்கள். அந்தத் தலைப்பில் வராத விவரம்: இறந்தவர் ரோபோ நிறுவனத்தின் ஊழியர். சென்சாரில் கோளாறு என்று அதைப் பரிசோதிக்க வந்திருந்தவர்.

1979 ஃபோர்டு, மானேசர், கொரியா. ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ரோபோ தன் வழக்கமான வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தபோது சும்மா நடந்து போனவர் மீது அது பாயவில்லை. ஏதோ ஒன்று சரியாக ஓடவில்லை. அதைச் சரிசெய்ய ஒருவர் உள்ளே போனார். அப்போது அது நகர்ந்தது.

டெமோ வீடியோவில் கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே ரோபோவின் கையைத் தட்டுவார், அது நிற்கும். நமக்கும் 'சூப்பர்' என்று தோன்றும். அது ஓடும்போது என்ன ஆகும் என்பதை மட்டும்தான் அந்த வீடியோ காட்டுகிறது. அது சிக்கி நிற்கும்போது என்ன ஆகும் என்பதைக் காட்டுவதில்லை.

ஏன் உள்ளே போகிறார்கள்?

'கவனக்குறைவு' என்று விசாரணை அறிக்கைகளில் எழுதுவது வழக்கம். எனக்கு அந்த வார்த்தை மேல் நம்பிக்கை இல்லை. ஒரு ஸ்பின்னிங் மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலேயே பஞ்சுத் தூசு மிதக்கிறது. அது லேசர் ஸ்கேனரின் கண்ணாடியில் படிந்தால் சென்சார் 'எதுவோ மறைக்கிறது' என்று எடுத்துக்கொண்டு ரோபோவை நிறுத்தும். அது சரியான நடத்தைதான், சந்தேகம் வந்தால் நிற்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஷிஃப்டில் பத்துத் தடவை இப்படிச் சும்மா நின்றால் என்ன ஆகும்? உற்பத்திக் கணக்கு கேட்பார்கள். ஒருநாள் யாரோ ஒருவர் அந்த சென்சாரைத் துணியால் மூடியோ, ஒயரை மாற்றிக் கொடுத்தோ 'தற்காலிகமாக' ஏமாற்றுவார். அது தற்காலிகமாக இருக்காது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. ஒழுங்குக்குப் பெயர்போன ஜெர்மனியில் தொழில் விபத்துக் காப்பீட்டு அமைப்புகள் 2006ல் வெளியிட்ட ஆய்வில், உலோகத் தொழில் இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகளில் சுமார் 37 சதவீதம் நிரந்தரமாகவோ அவ்வப்போதோ ஏமாற்றப்படுவதாகத் தெரியவந்தது. இயந்திரக் கதவுப் பூட்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ 14119 தரநிலை இப்போது வடிவமைப்பாளர்களிடமே கேட்கிறது: இந்தப் பூட்டை ஏமாற்ற வேண்டும் என்று தொழிலாளிக்கு ஏன் தோன்றும்? அந்தக் காரணத்தை முதலில் எடு.

மில்லில் இன்னொன்றும் உண்டு. சத்தம். ரிங் ஃபிரேம் ஓடும் ஹாலில் பக்கத்தில் நிற்பவரிடம் காதருகே போய்த்தான் பேச வேண்டும். ரோபோவின் 'பீப் பீப்' எச்சரிக்கை அங்கே எடுபடாது, விளக்கு வேண்டும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, பின்னல் ஆகியவற்றுக்கு 140 நியூட்டன் வரம்பு பொருந்தாது, ஏனென்றால் துணி சுற்றிக்கொண்டு இழுக்கும்போது மோதலே இல்லை. மேலே கோட்டு போடுவதும் முடியைத் தொப்பிக்குள் கட்டுவதும் மில்களில் பழகிய விஷயம்தான். ரோபோ வந்த பிறகு அதைத் தளர்த்தக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே ஒரு ஆச்சரியம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 25ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. 'தானே இயங்கும் இயந்திரங்கள்' பற்றியது. ஆட்கள் கடந்து போகும் இடத்தில் ஓடும் இயந்திரப் பகுதி, பக்கத்துச் சுவர், தூண் போன்ற நிலையான கட்டுமானத்துக்கு 45 செ.மீ.க்குள் வரக் கூடாது. நடுவில் மாட்டுகிற ஆள் நசுங்காமல் இருக்க அந்த இடைவெளி. படித்தால் நேற்று ரோபோவுக்காக எழுதியது மாதிரியே இருக்கும்.

உண்மையில் இந்த விதியின் வேர் பஞ்சாலையில்தான் இருக்கிறது. 1825ல் மான்செஸ்டரின் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் காப்புரிமை பெற்ற 'செல்ஃப் ஆக்டிங் மியூல்' என்ற நூற்பு இயந்திரத்தில், ஸ்பிண்டில்கள் பொருத்திய நீளமான வண்டி தானாக முன்னால் வந்து பின்னால் போகும். இழை ஒட்டும் சிறுவர்கள் அதற்கு இடையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டங்கள் அதற்கு 18 அங்குல இடைவெளி கேட்டன. அதுதான் இந்தியச் சட்டத்துக்கு வந்து, மெட்ரிக் கணக்கில் 45 செ.மீ. ஆனது. இழை ஒட்டுபவருக்கும் தானாக ஓடும் இயந்திரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது ஏறக்குறைய 200 வருஷப் பிரச்சினை. இப்போது இழை ஒட்டுவதே அந்த இயந்திரம்தான், அதுதான் மாற்றம்.

அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கும் வேலையைத் தனிப் பயிற்சி பெற்ற, இறுக்கமான உடை அணிந்த வயதுவந்த ஆண் தொழிலாளி மட்டுமே செய்யலாம், அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்றது. சைடர்களில் பெரும்பாலானோர் பெண்களாக இருக்கும் மில்லில், ரோபோ மாட்டி நிற்கும்போது அந்த 'பதிவேட்டு ஆண்' வரும் வரை யாரும் காத்திருப்பார்களா? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. தொழிற்சாலைகள் சட்டம் உட்பட 13 சட்டங்கள், தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பு 2020 என்ற ஒன்றுக்குள் போயின. வேலி, ஓடும் இயந்திரம், தானே இயங்கும் இயந்திரம் என்ற பழைய விஷயங்கள் இப்போது அட்டவணையில் தலைப்புகளாக இருக்கின்றன. எத்தனை செ.மீ., என்ன நிபந்தனை என்ற விவரங்கள், அரசு அறிவிக்கும் தரநிலைகளில் வர வேண்டும். ரோபோவுக்கு ஏற்ற மாதிரி எழுத இது ஒரு வாய்ப்பு. ஐ.எஸ்.ஓ 10218 இருக்கிறது, அதைப் பார்த்து எழுதலாம். பழைய 45 செ.மீ.யை மட்டும் நகலெடுத்து வைத்தால் வாய்ப்பு போச்சு.

தொகுப்பில் நல்லதும் உண்டு, கவலையும் உண்டு. 14ஆம் பிரிவு, வேலையில் தன் பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமையை எல்லாத் தொழிலாளிக்கும் தருகிறது. உடனடி ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால் அதைத் தெரிவிக்கவும் உரிமை உண்டு. கவலை எது என்றால், மின்சாரத்தில் இயங்கும் இடத்தைத் 'தொழிற்சாலை' என்று சொல்ல முன்பு 10 பேர் போதும், இப்போது 20 பேர் வேண்டும். சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் சின்னச் சின்ன யூனிட்களை நினைத்துப் பாருங்கள். கோபோட் விலை குறையக் குறைய அது போகப் போவது இப்படிப்பட்ட இடங்களுக்கும்தான். ஆட்களைக் குறைக்க வாங்கும் ரோபோவே அந்த யூனிட்டை 20க்குக் கீழே கொண்டுபோய்விட்டால், தொழிற்சாலைக்கான விதிகளும் அதோடு விலகிப் போகும்.

வேலை பார்ப்பவர் என்ன கேட்கலாம்?

உங்கள் கம்பெனியிலோ உங்கள் வீட்டில் ஒருவர் போகும் மில்லிலோ ரோபோ வருகிறது என்றால், 'எத்தனை சென்சார் இருக்கு?' என்பது பெரிய கேள்வி இல்லை. அது சிக்கி நின்றால் யார் கை வைக்கலாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறதா? அந்த ஆளுக்குப் பயிற்சி கொடுத்தார்களா, அதுவும் தமிழில்? வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும்? அவசர நிறுத்தப் பொத்தான் சந்தின் இரண்டு முனையில் மட்டும் இருக்கிறதா, நடுவிலும் கைக்கு எட்டுமா? அதை அமுக்கியவரிடம் அன்றைக்கு உற்பத்தி ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்பார்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்பது பதிலாக இருந்தால், அந்தப் பொத்தான் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பராமரிப்பில் ரொம்ப எளிமையான ஒரு பழைய முறை இருக்கிறது, ரோபோவுக்கும் அது பொருந்தும். உள்ளே போகும் ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். மூன்று பேர் போனால் மூன்று பூட்டு. சாவி அவரவர் பாக்கெட்டில். மூன்று பேரும் வெளியே வந்து பூட்டை எடுத்தால்தான் மின்சாரம் திரும்ப வரும். காற்றழுத்தத்தில் ஓடும் பகுதி இருந்தால் அந்தக் காற்றையும் வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் இல்லாமலேயே கை நகரும். ரோபோவின் விலையோடு ஒப்பிட்டால் பூட்டுக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் பூட்டு தொங்கும் ஒவ்வொரு நிமிடமும் லைன் நிற்கும். அந்த நிமிடங்களை டார்கெட்டில் முன்கூட்டியே கழித்து வைத்திருக்கிறார்களா என்று சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள்.